இன்னும் எட்டு டப்பா

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகும் உன் குரல் காதை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று 12 டப்பா சமைத்து ஃப்ரீசரில் அடுக்கியிருக்கிறாய். 12 டப்பாவிலும் அதே சாதம், அதே கோழி, அதே காரட், அதே பட்டாணி. திங்கள்கிழமை ஒன்றரை வயதுப் பேரன் தட்டை வழித்துத் தின்றான். செவ்வாய்க்கிழமை பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டான். புதன்கிழமை வாசனை வந்ததுமே தலையைத் திருப்பிக்கொண்டான். வியாழக்கிழமை தட்டே பறந்தது. "இன்னும் எட்டு டப்பா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நீ அழுதாய்.

"சரி விடு, நாளைக்குச் சாப்பிடுவான்" என்று நான் சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அம்மாவுக்கு மாதத்தில் பாதி நாள் ராத்திரி டியூட்டி. நான் வேலையிலிருந்து வந்ததும் அவள் கிளம்பிவிடுவாள். சாயங்காலச் சாப்பாடு என் பொறுப்பு. எனக்கு அப்போது சமையல் அரைகுறை. பொறுமை அதைவிடக் குறைவு. ஒரு சனிக்கிழமை, இனி ஒரு மாதத்துக்குக் கவலையே இல்லை என்று முடிவு கட்டி, ஒரு பெரிய பூசணிக்காயை முழுசாக வேகவைத்துப் பருப்போடு மசித்து, ஐஸ் தட்டில் ஊற்றி ஊற்றி உறைய வைத்தேன். மொத்தம் 60 கட்டி. எண்ணிப் பார்த்து அம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் நீ அந்த மஞ்சள் நிறத்தைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொண்டாய். மீதி 40 கட்டியை நானும் அம்மாவும்தான் தின்று தீர்த்தோம். சூப்பில் போட்டோம், மாவில் பிசைந்தோம், ஒரு கட்டத்தில் வெறுமனே சூடாக்கி மருந்து மாதிரி விழுங்கினோம். இன்றைக்கும் யாராவது பூசணிக்காய் வாங்கி வந்தால் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

அந்த 40 கட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். இந்த வயசுப் பிள்ளைக்கு முழுச் சாப்பாட்டை உறைய வைக்காதே. சாப்பாட்டின் பகுதிகளை உறைய வை. சாதம் தனி, பருப்பு தனி, கறி தனி, காய் ஒவ்வொன்றும் தனி. எதோடு எது சேர வேண்டும் என்பதை அன்றன்றைக்குச் சாயங்காலம், அவன் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்.

கணக்கு போட்டுப் பார். சாதம், மசித்த உருளைக்கிழங்கு என்று 2. பருப்பு, கோழி, கொத்துக்கறி என்று 3. காரட், பட்டாணி, கீரை, பூசணி என்று 4. ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுத்தால் 24 விதமான தட்டு வருகிறது. (பூசணியைக் கணக்கில் சேர்த்ததை அம்மாவிடம் சொல்லாதே.) அதே பொருட்களை ஒன்றாகக் கிளறி 12 டப்பாவில் போட்டால் ஒரே தட்டு 12 தடவை வருகிறது. அவனுக்குப் பட்டாணி பிடிக்காமல் போன அன்றைக்கு, கோழியும் சாதமும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. பட்டாணி தனியாக இருந்திருந்தால் அன்றைக்குப் பட்டாணி மட்டும் லீவு.

அப்புறம் அளவு. நீ அனுப்பிய படத்தில் அந்த டப்பாவைப் பார்த்தேன். அது மாப்பிள்ளை மத்தியானம் எடுத்துப்போகிற டப்பா. பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆவது முதல் வருஷத்தில். இரண்டாவது வருஷத்தில் சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். ஒரு வயதுக்கு ஒரு பொருளில் ஒரு மேசைக்கரண்டி என்று தோராயமாக ஒரு கணக்கு சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் அவனுக்குச் சாதம் ஒன்றரைக் கரண்டி, பருப்பு ஒன்றரைக் கரண்டி, காய் ஒன்றரைக் கரண்டி. போதாவிட்டால் வாயைத் திறந்து கேட்பான், அப்போது இன்னொரு கட்டி. சாதாரண ஐஸ் தட்டில் ஒரு குழிக்கு ஒன்றரை முதல் இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கும். அவனுக்கென்றே செய்த பாத்திரம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ராத்திரி ஊற்றி வைத்தால் காலையில் கல்லாக இறுகியிருக்கும். தட்டைப் பின்பக்கமாக லேசாக முறுக்கிக் கட்டிகளை உதிர்த்து, ஜிப் வைத்த பையில் போட்டு, காற்றை நன்றாக அமுக்கி வெளியேற்றி மூடிவிடு. தட்டு அடுத்த சுற்றுக்குத் தயார். காற்று உள்ளே நின்றால் மேல்பக்கத்து ஈரம் மெல்ல மெல்ல ஆவியாகிப்போய் வெளுத்துக் காய்ந்துவிடும். கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, ஆனால் சக்கையாக இருக்கும். அதை முதலில் கண்டுபிடிப்பதும் குழந்தையின் நாக்குதான்.

சின்னதாக உறைய வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. காய்க்குள்ளும் கறிக்குள்ளும் இருக்கிற தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனித்துகளாக வளரும். அந்தத் துகள்கள் உள்ளே இருக்கிற நுண்ணிய அறைகளை, அதாவது செல்களை, கிழித்துவிடும். அப்புறம் உருக்கும்போது தண்ணீர் தனியாக ஓடி, மீதி சொதசொதவென்று நிற்கும். வேகமாக உறைந்தால் துகள்கள் பொடியாகவே நின்றுவிடும். கிளாரன்ஸ் பேர்ட்சை என்ற அமெரிக்கர் 1910களில் இன்றைய கனடாவில் உள்ள லாப்ரடாரில் தங்கியிருந்தபோது, அங்குள்ள இனுயிட் பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் பிடித்த மாத்திரத்தில் விறைத்துப்போவதையும், பல நாள் கழித்து உருக்கிச் சமைத்தாலும் புதுசு போலவே இருப்பதையும் கவனித்தார். பின்னால் 1920களில் அதையே இயந்திரத்தில் செய்து காட்டினார். இன்றைக்குக் கடையில் விற்கிற உறைந்த பட்டாணியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நம் வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் கட்டி சின்னதாகவோ தட்டையாகவோ இருந்தால் அதுவும் கொஞ்சம் வேகமாகவே வேலை செய்யும். கொத்துக்கறியை உருண்டையாக வைக்காமல், பையில் போட்டு விரல் கனத்துக்குப் பரப்பி வை. உறைவதும் சீக்கிரம், உடைத்தெடுப்பதும் சுலபம்.

சமைத்து முடித்ததும் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் கவனமாகப் படி. இது ருசி விஷயம் இல்லை, வயிற்று விஷயம். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டும்தான் வைக்கும். ஆகவே உள்ளே போகும்போது எப்படிப் போகிறதோ அப்படியேதான் வெளியே வரும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு எவ்வளவு நேரம் நிற்கிறதோ, அவ்வளவு நேரமும் கிருமிகளுக்கு விருந்து. சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனத்துக்குள் தள்ளிவிட வேண்டும். வெயில் 32 டிகிரிக்கு மேல் கொளுத்துகிற நாளில் 1 மணி நேரத்துக்குள். பெரிய பாத்திரத்தை மூடி போட்டு மேடையிலேயே விட்டால் நடுப்பகுதி ராத்திரி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். நான் அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பிவிடுவேன். அவசரமென்றால் அந்தத் தட்டை ஐஸ் தண்ணீர் ஊற்றிய பெரிய பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறுவேன். கொதிக்கக் கொதிக்க ஃப்ரீசரில் வைத்துவிடாதே, பக்கத்தில் இருக்கிற கட்டிகள் இளகிவிடும்.

சாதத்துக்கு இன்னும் அவசரம் வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கலாம். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சமைத்த சாதம் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. சாதம் நாறவும் நாறாது, நிறமும் மாறாது, அதனால் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாதத்தை மட்டும் 1 மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்துவிடு. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தண்ணீர் கூட விட்டுக் குழைவாக வடி, உறைந்து வரும்போது விறைக்காது. ஒரு தடவைதான் சூடாக்க வேண்டும். மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்கிற பேச்சே கூடாது.

எது உறையும், எது உறையாது என்பதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீ சிரிப்பாய். அவித்த முட்டையை உறைய வைத்தேன். வெள்ளைக்கரு ரப்பராகிவிட்டது. நீ அதைக் கடித்துப் பார்த்துவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தாய். உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக வைத்தால் மணல் மாதிரி உதிரும். கொஞ்சம் வெண்ணெய் விட்டு மசித்து வைத்தால் நன்றாகவே திரும்பி வரும். தயிர் திரிந்து தண்ணீர் பிரியும், அதை எப்போதும் பரிமாறும்போது சேர். சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய குழம்பும் அப்படித்தான் பிரியும். வெள்ளரிக்காயைப் பற்றிப் பேசவே வேண்டாம். பாஸ்தாவை முக்கால் பதத்தில் எடுத்துவிடு, மீதிப் பதம் சூடாக்கும்போது வந்துவிடும். காரட், பட்டாணி, கீரை, வேகவைத்த பருப்பு, கடலை, கொத்துக்கறி, சின்னக் கறி உருண்டை, வெங்காயமும் தக்காளியும் வதக்கிய மசியல், ஓட்ஸும் வாழைப்பழமும் முட்டையும் சேர்த்துச் சுட்ட குட்டி பான்கேக், இவையெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகள்.

தக்காளி வெங்காய மசியலில் தாராளமாக இரு. ஒன்றுக்கும் உதவாத சாயங்காலத்தை அதுதான் காப்பாற்றும். பருப்புக் கட்டி ஒன்று, மசியல் கட்டி ஒன்று, கொஞ்சம் சாதம். பத்து நிமிஷத்தில் தட்டு தயார். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 1 வயதிலிருந்து 3 வயது வரை குழந்தைக்கு ஒரு நாளுக்கு 7 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. அவன் சாப்பிடுகிற அளவுக்கு அது சின்ன எண் இல்லை. பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சுலபமாக ஒட்டாது. வைட்டமின் சி பக்கத்தில் இருந்தால் நன்றாக ஒட்டும். தக்காளியில் அது இருக்கிறது. சமைத்து உறைய வைக்கும்போது கொஞ்சம் போய்விடும் என்பதால், பரிமாறும்போது ஒரு துளி எலுமிச்சையோ, சாப்பிட்டு முடித்ததும் ஒரு ஆரஞ்சுச் சுளையோ கொடுத்தால் இன்னும் நல்லது. இந்த இடத்தில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. சாயங்காலம் எத்தனை தடவை பால் கொடுக்கிறாய்? நாளுக்கு அரை லிட்டர் அளவில் நிறுத்திக்கொள். அதற்கு மேல் போனால் வயிறும் நிரம்பிவிடும், இரும்புச்சத்துக்கும் இடமில்லாமல் போகும். அவன் தட்டை எறிவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பால் டம்ளராகவும் இருக்கலாம்.

உப்பு போடுவதற்கு முன்னாலேயே அவன் பங்கை எடுத்துவிடு. இந்த வயதுக்கு நாள் முழுக்கச் சேர்த்து 2 கிராம்தான் உச்சவரம்பு, டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. கடையில் வாங்குகிற ரொட்டியிலும் சீஸிலுமே அதில் பாதி போய்விடும். உங்களுக்கு வேண்டிய உப்பும் காரமும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். அதை விட்டுவிடு. ஐந்து மணி நேரம் நின்று ஒரே நாளில் எல்லாம் சமைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தை இல்லாதவர்களுக்குத்தான் அது சரிப்படும். எப்படியும் தினமும் ஏதோ ஒன்று சமைக்கிறாய். பருப்பு வேகவைக்கிற அன்றைக்கு இரண்டு மடங்கு வை. கறி வாங்குகிற அன்றைக்கு அரைக் கிலோ கூட வாங்கி வதக்கு. காரட் நறுக்குகிற அன்றைக்கு நாலு காரட் சேர்த்து நறுக்கி வேகவை. ஒரு நாளுக்கு ஒரே ஒரு ஐஸ் தட்டு நிரம்பினால் போதும். இரண்டு வாரத்தில் உன் ஃப்ரீசரில் ஏழெட்டு வகை இருக்கும். ஒரு நாளும் கால் வலித்திருக்காது. நறுக்குவதையும் தட்டில் ஊற்றுவதையும் மாப்பிள்ளையிடம் கொடு. நான் செய்தேன், அவரும் செய்வார்.

பெயர் எழுதி ஒட்டாமல் எதையும் உள்ளே வைக்காதே. உறைந்த பிறகு எல்லாம் ஒரே பழுப்பு. நான் ஒரு தடவை பருப்பு என்று நினைத்து உருக்கி, மிளகுப்பொடி தூவி, நெய் விட்டுக் கிளறி உனக்கு ஊட்டினேன். அது ஆப்பிள் மசியல். உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பையை நிரப்பும் முன்பே எழுதிவிட வேண்டும். குளிர்ந்து ஈரமான பைமேல் மார்க்கரும் பிடிக்காது, டேப்பும் ஒட்டாது. பொருளும் தேதியும் போதும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நின்றால் உள்ளே இருப்பது கெட்டுப்போவதில்லை. ருசிதான் இறங்கிக்கொண்டே போகும். குழந்தைக்கென்று வைத்ததை 2, 3 மாதத்துக்குள் முடித்துவிடு. கண்ணாடிப் பாட்டிலில் சூப் வைப்பதானால் கழுத்துவரை ஊற்றாதே. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ஒரு ராத்திரி ஃப்ரீசருக்குள் ‘டப்’பென்று சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கோழி சூப் முழுக்கக் கண்ணாடித் துண்டு.

உருக்குவதை மேடையில் வைத்துச் செய்யாதே. முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜுக்குள் இறக்கி வை, அடுத்த 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடு. மறந்துவிட்டால் பரவாயில்லை, கட்டியை நேராகச் சின்னப் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீரோடு போட்டு மூடி சூடாக்கு. சின்னக் கட்டியின் அழகே அதுதான், ஐந்து நிமிஷத்தில் இளகிவிடும். உள்ளே 74 டிகிரி வரை, ஆவி பறக்கிற அளவுக்குச் சூடாக வேண்டும். அப்புறம் ஆறவைத்துக் கொடு. மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடுவில் பனிக்கட்டி இருக்கும். நிறுத்திக் கிளறி மறுபடி வை, கடைசியில் ஒரு நிமிஷம் அப்படியே விடு, நீ ஒரு வாய் ருசித்துப் பார்த்த பிறகே அவனுக்கு. கடையில் வாங்குகிற உறைந்த பட்டாணியையும் சோளத்தையும் அப்படியே உருக்கித் தட்டில் போடுகிறவர்கள் உண்டு. நீ செய்யாதே. அவற்றில் பெரும்பாலானவை சமைத்துச் சாப்பிடுவதற்காகவே செய்யப்பட்டவை. நன்றாக வேகட்டும். விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காத எதையும் அவன் தட்டில் வைக்காதே. கறி உருண்டையை நாலாக வெட்டி வை, முழுசாக வேண்டாம்.

அவன் ஸ்பூன் பட்ட மிச்சத்தைத் தூக்கிப்போட மனசு வராது, தெரியும். ஆனால் எச்சிலோடு கிருமியும் போகிறது, திரும்ப எடுத்து வைக்காதே. அதனால்தான் முதலில் ஒரு கட்டி மட்டும் சூடாக்கு என்கிறேன். கேட்டால் இன்னொன்று.

அவன் ஒதுக்குகிற விஷயத்துக்குக் கடைசியாக வருகிறேன். இதுதான் உன்னை அழவைத்தது. ஒரு புதுக் காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 8, 10, சில சமயம் 15 தடவைகூடத் தட்டில் பார்க்க வேண்டியிருக்கும். பார்க்கவும் தொடவும் துப்பவும் விட வேண்டும். பெரிய டப்பாவாகச் சமைத்தால் உனக்கு 15 தடவை பொறுமை இருக்காது. எனக்கும் இருந்திருக்காது. ஆனால் பட்டாணியைத் தட்டையாக உதிரி உதிரியாக உறைய வைத்தால், நாலே நாலு பட்டாணியை எடுத்து அவனுக்குப் பிடித்த சாதத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். தள்ளினால் தள்ளட்டும். நாலு பட்டாணிதானே? அடுத்த வாரம் மறுபடி நாலு வை. என்ன வைப்பது, எப்போது வைப்பது என்பது உன் கையில். எவ்வளவு தின்பது, தின்பதா வேண்டாமா என்பதை அவன் வயிற்றிடம் விட்டுவிடு. "ஒரே ஒரு வாய்" என்று நான் உன் பின்னால் வீடு முழுக்க ஓடியதெல்லாம் எனக்கு மூச்சு வாங்கியதோடு சரி.

அன்றைக்கு அவன் தள்ளியது ஒரு தட்டை. உனக்கு அவன் உன் ஞாயிற்றுக்கிழமையையே தள்ளியதாகப் பட்டது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது கண்ணு. 40 கட்டிப் பூசணியைப் பார்த்து நானும் அப்படித்தான் நின்றேன். அவனுக்கு உன் ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பச்சையாக, உருண்டையாக ஏதோ இருந்தது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த எட்டு டப்பாவை எறிந்துவிடாதே. அவை ஃப்ரீசரில்தான் இருக்கின்றன, ஒன்றும் ஆகாது. ஒவ்வொன்றாக எடுத்து, வெங்காயமும் பூண்டும் தாராளமாக வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, உப்பு சேர்த்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் உங்கள் இரண்டு பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு. உருக்கியதை மறுபடி உறைய வைக்காதே, அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. அடியில் கிடந்தால் நடுவில் கரண்ட் போய் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிடு. நீங்கள் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் கதவைத் திறக்காதே. நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம்.

நான் உனக்குச் சமைத்த அந்த நீல ஐஸ் தட்டு இன்னும் இருக்கிறது. ஒரு மூலையில் விரிசல் விட்டிருக்கிறது. அம்மா அதில் சட்டைப் பொத்தான்களை நிறவாரியாகப் போட்டு வைத்திருக்கிறாள். இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் பொத்தானை எல்லாம் ஒரு டப்பாவில் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. விரிசல் விட்ட தட்டு சாப்பாட்டுக்கு உதவாது, புதுசாக இரண்டு வாங்கி அனுப்புகிறேன் என்றேன். "இதையும் சேர்த்து அனுப்புங்க, அவன் வெச்சு விளையாடட்டும்" என்கிறாள். மூன்றும் சேர்ந்துதான் வரும்.

எட்டில் எத்தனை தீர்ந்தது என்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சொல்.

அப்பா